விசைப்படகு என்ஜினில் எக்ஸாஸ்ட் கேஸ்கட் லீக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறுவதும் என்ஜினைப் பிரிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். பெயின்ட், பலகை, வலை என்று செலவு வரிசையாக நிற்கும்போது எக்ஸாஸ்ட் கேஸ்கட் (என்ஜின் புகை வெளியேறும் மூட்டில் கசிவை அடைக்கும் தகடு) யார் கண்ணிலும் படாது. தடை முடிந்து கடலுக்குப் போய் இரண்டாவது பாடு வலை இழுக்கும்போதுதான் என்ஜின் ரூமிலிருந்து 'டிக் டிக்' என்று கேட்கும்.

இங்கே சொல்வதெல்லாம் காசிமேடு, நாகை, ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் ஓடும் விசைப்படகுகளில் உள்ள நாலு, ஆறு சிலிண்டர் டீசல் இன்போர்டு என்ஜின்களை மனதில் வைத்து. அளவுகள் பொதுவானவை. உங்கள் என்ஜின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

லீக் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஒரு தட்டல் சத்தம் வரும். ஆக்சிலேட்டர் கூட்டினால் சத்தமும் வேகமாகும். பத்து இருபது நிமிடம் ஓடிச் சூடேறியதும் குறையும், சில சமயம் மறைந்தே போகும். இரும்பு விரிந்து இடைவெளியை அடைப்பதால் வரும் மாற்றம் அது. சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தமும் காதுக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆனால் டேப்பெட் கரி கக்காது. மேனிஃபோல்டு (எல்லா சிலிண்டரின் புகையையும் சேர்த்து வெளியே விடும் குழாய்) ஹெட்டோடு (சிலிண்டர்களின் மேல்மூடி) சேரும் கோட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். உலர்ந்த, விரலில் ஒட்டும் மெல்லிய கரி இருந்தால் லீக். கரியே இல்லாமல் பெயின்ட் வெந்து, இரும்பு சாம்பல் நிறமாக வெளுத்திருந்தால் அது ரொம்ப நாளாக, பலமாக அடிக்கும் லீக். அங்கே கரி தங்கவே நேரமில்லை. ஈரமாக, பிசுக்காகக் கறுப்பு வழிந்திருந்தால் கூடவே எரியாத டீசலோ எண்ணெயோ வருகிறது, அது வேறு வைத்தியம்.

எந்த போர்ட்டில் (சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாய்) லீக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, ஓர் ஊதுபத்தியை ஏற்றி மேனிஃபோல்டு கோட்டின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். லீக் இருக்கும் இடத்தில் புகை வெட்டி வெட்டி விலகும். ஃபேன் காற்று பட்டால் ஏமாற்றும், அதனால் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இது டீசல் என்ஜினுக்கு மட்டும். டீசல் ஒழுகல் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் நெருப்பைக் கொண்டுபோக வேண்டும். பெட்ரோல் என்ஜின் ரூமில் ஊதுபத்தி என்ற பேச்சே கூடாது.

நெருப்பு வேண்டாம் என்றால் இன்னொரு வழி. என்ஜினை நிறுத்தி, குளிர்ந்ததும் சைலன்சர் வாயில் ஒரு புளோயரை வைத்துக் காற்று ஊதச் சொல்லுங்கள். மேனிஃபோல்டு ஃபிளாஞ்சில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை எங்கே பொங்குகிறதோ அங்கே லீக். சைலன்சர் பைப் மூட்டு, பெல்லோஸ் (பைப்பின் நடுவில் வரும் மடிப்பு வைத்த வளையும் துண்டு), எல்போ (வளைவுக் குழாய்) எல்லாவற்றையும் இதே சாக்கில் பார்த்துவிடலாம். பாதி நேரம் மேனிஃபோல்டு கேஸ்கட் மேல் பழி போட்டு, உண்மையில் பெல்லோஸ் விரிசல்தான் காரணமாக இருக்கும்.

சத்தம் மட்டும்தானே வருகிறது? சீசன் முடியும்வரை ஓட்டலாமா?

வேண்டாம். முழு லோடில் வெளியேறும் புகை 400 முதல் 550 டிகிரி செல்சியஸ் வரை போகும். அது ஒரே இடத்தில் ஊசிபோல் அடித்துக்கொண்டிருந்தால் ஹெட்டின் முகத்தையே அரிக்கும். கேஸ்கட் செலவோடு போக வேண்டியது லேத் பட்டறைச் செலவாகும்.

அதைவிடப் பெரிய கவலை இரண்டு. முதலாவது தீ. அந்தப் புகை அடிக்கும் திசையில் டீசல் ஹோஸோ, வயரோ, மரப்பலகையோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய கப்பல்களுக்கான சோலாஸ் விதியில் 220 டிகிரிக்கு மேல் சூடாகக்கூடிய, எண்ணெய் தெறித்தால் பற்றக்கூடிய பரப்பை மூடிக் காப்பிட வேண்டும் என்று இருக்கிறது. நம் படகுகளை அந்த விதி கட்டாது என்றாலும் எண்ணை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது கார்பன் மோனாக்சைடு. டீசலில் இது பெட்ரோலைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் என்ஜின் ரூமுக்கு மேலேயே வீல் ஹவுஸ், அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆள் தூங்குகிறார் என்றால் குறைவு என்பது ஆறுதல் இல்லை. நிறமும் மணமும் கிடையாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று ஆரம்பிக்கும்போது புது ஆளாக இருந்தால் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவார்கள். ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் உடனே எல்லோரையும் திறந்த தளத்துக்கு வரச் சொல்லுங்கள். அப்புறம் டீசல் புகையையே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் என்ஜின் ரூமில் இறங்குகிற டிரைவரின் நுரையீரல்தான் முதலில் விலை கொடுக்கும்.

புது கேஸ்கட் போட்டு நாலு மாசத்தில் மறுபடி லீக். கேஸ்கட் மட்டமான சரக்கா?

இருக்கலாம், ஆனால் அது கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும். நல்ல கேஸ்கட் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எரிகிறது என்றால் வேறு எதுவோ அதைக் கொல்கிறது.

முதலில் சைலன்சர் பைப்பின் எடை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பல படகுகளில் கனமான இரும்புப் பைப்பு மேனிஃபோல்டு எல்போவிலிருந்து நேராக மேலே ஏறும். பிராக்கெட் இருக்காது, இருந்தாலும் வெல்டிங் விட்டுத் தொங்கும். மொத்த எடையும், அலையில் படகு ஆடும் ஆட்டமும் மேனிஃபோல்டு எல்போவைப் பிடித்திருக்கும் நாலு ஸ்டட்டில் (நட்டு மாட்டும் திரெட் கம்பி) இறங்கும். பைப்பைக் கழற்றும்போது ஃபிளாஞ்ச் 'டக்' என்று ஒரு பக்கம் விலகிப் போனால் விஷயம் புரிந்துவிட்டது: இத்தனை நாளும் அதை இழுத்துப் பிடித்துத்தான் மாட்டியிருக்கிறார்கள். பைப்பின் எடையைப் படகின் பீமில் தாங்க வைத்து, நடுவில் ஸ்டீல் பெல்லோஸ் போட்டால் பாதி வழக்கு முடியும். பெல்லோஸை முறுக்கியோ வளைத்தோ மாட்டினால் அதுவும் சீக்கிரம் வெடிக்கும்.

அடுத்தது என்ஜின் மவுன்ட். ரப்பர் செத்துப்போயிருந்தாலோ பவுண்டேஷன் போல்ட் தளர்ந்திருந்தாலோ என்ஜின் ஒரு ஆட்டம், பைப் ஒரு ஆட்டம். நடுவில் மாட்டிக்கொள்வது கேஸ்கட்.

மூன்றாவது சூடு. நாசில் சரியில்லை, பம்ப் டைமிங் தள்ளியிருக்கிறது, அல்லது இழுவை போதவில்லை என்று யாரோ பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் புகையின் வெப்பம் கேஸ்கட் தாங்கும் எல்லையைத் தாண்டும். புரொப்பெல்லர் பெரிதாகப் போட்டு என்ஜினை முக்க வைத்தாலும் இதே கதைதான். வலை இழுக்கும்போது கருப்புப் புகை தொடர்ந்து வந்தால் கேஸ்கட்டை விட்டு இந்தப் பக்கம் தேடுங்கள்.

நாலாவது பேக் பிரஷர், அதாவது புகை வெளியேறும் வழியில் உண்டாகும் எதிர் அழுத்தம். சைலன்சருக்குள் கரி அடைத்திருந்தால் புகை வேறு வழி தேடும். இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம், கொத்தனார் லெவல் பார்க்கும் டியூப் போதும். எல்போவுக்குப் பின்னால் ஒரு சின்ன நிப்பிள், அதிலிருந்து ஒரு மீட்டர் செம்புக் குழாய் (சூடு ஆறுவதற்கு), அதன் முனையில் 'யு' வடிவில் தண்ணீர் நிரப்பிய டியூப். டியூப் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்கட்டும். முழு லோடில் இரு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் குறியுங்கள். 75 செ.மீ. வித்தியாசம் என்றால் சுமார் 7.5 கிலோபாஸ்கல். பல என்ஜின்களுக்கு அனுமதி இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். தண்ணீர் டியூபை விட்டே வெளியே தெறித்தால் பதில் கிடைத்துவிட்டது.

கடைசியாக, மேனிஃபோல்டோ ஹெட்டோ கோணியிருக்கலாம். அதைக் கீழே பார்ப்போம்.

ஸ்டட் கழலவில்லை. என்ன செய்வது?

இந்த வேலையில் நேரம் போவதே இங்கேதான். உப்புக் காற்றும் சூடும் சேர்ந்து நட்டையும் ஸ்டட்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கும். பெரிய பைப்பை ஸ்பேனரில் சொருகி ஆளைக் கூப்பிட்டு இழுத்தால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும்.

முந்தின நாளே துருவிலக்கி எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். மறுநாள் முதலில் டைட் செய்யும் பக்கம் ஒரு மயிரிழை தள்ளிப் பாருங்கள். துரு உடைந்து 'கிர்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு கழற்றும் பக்கம். முன்னும் பின்னுமாக, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாக. அசையவே இல்லையென்றால் நட்டை மட்டும் கேஸ் டார்ச்சால் சூடாக்கி, ஸ்டட் ஓரத்தில் மெழுகுவத்தியைத் தொடுங்கள். மெழுகு உருகித் திரெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகும். விலை கூடிய ஸ்ப்ரே தோற்ற இடத்தில் இது பலிப்பதைப் பார்த்திருக்கிறேன். டார்ச் கையில் எடுக்கும் முன் என்ஜின் ரூம் அடியில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரை இறைத்துவிட்டு, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முறிந்துவிட்டதா? வெளியே 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் பெரிய நட்டு ஒன்றை வைத்து உள்ளே வெல்டு வைத்து, சிவப்பு ஆறும்போது கழற்றுங்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்ற மறந்தால் ஆல்டர்னேட்டர் டயோடு போகும். முகத்தோடு முகமாக முறிந்திருந்தால் சென்டர் பஞ்ச் நடுவில் விழ வேண்டும். நடு தப்பினால் டிரில் ஸ்டட்டை விட்டு ஹெட்டுக்குள் இறங்கும். அந்த இடத்தில் தைரியம் வேண்டாம், கை பழகிய டர்னரைக் கூப்பிடுங்கள்.

புது ஸ்டட் எது? எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடலாமா?

துருப்பிடிக்காது என்று எல்லோரும் எஸ்.எஸ். கேட்கிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எஸ். ஸ்டட் சூட்டில் இழுபட்டுத் தளரும், எஸ்.எஸ். நட்டோடு சேர்ந்தால் கடித்துப் பிடித்துக்கொள்ளும். 8.8 கிரேடு அல்லது அதற்கு மேல் ஹை டென்சைல் ஸ்டட், மேலே பித்தளை நட்டு. பித்தளை ஸ்டட்டோடு ஒட்டாது, அடுத்த முறை கழற்றும்போது நன்றி சொல்வீர்கள். திரெட்டில் சூடு தாங்கும் செம்பு கிரீஸ் லேசாகத் தடவுங்கள். ஆனால் கிரீஸ் தடவிய திரெட் வழுக்கும், அதே டார்க்குக்கு (முறுக்கும் விசை) அதிகமாக இழுபடும் என்பதை மறக்க வேண்டாம்.

முகத்தை எப்படிச் சுத்தம் செய்வது? கோணல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் ஹெட்டின் போர்ட் ஒவ்வொன்றிலும் துணியைச் சுருட்டித் திணியுங்கள். ஏதாவது ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்தே நிற்கும். அதற்குள் கரித்துண்டு விழுந்தால் நேராகப் பிஸ்டன் தலைமேல். முடிந்ததும் துணிகளை எண்ணி எடுங்கள்.

பழைய கேஸ்கட்டைத் தட்டையான ஸ்கிரேப்பரால் எடுத்து, உப்புத்தாளை ஒரு நேர்க்கட்டையில் சுற்றித் தேயுங்கள். கிரைண்டரில் டிஸ்க் போட்டு வேகமாகத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பளபளப்பாக இருக்கும், நடுவில் குழி விழுந்திருக்கும்.

பிறகு ஒரு ஸ்ட்ரெய்ட் எட்ஜை மேனிஃபோல்டின் எல்லா போர்ட்டுக்கும் குறுக்கே வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டுக்கு இடையில் 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் நான் மேனிஃபோல்டை லேத்துக்கு அனுப்பிவிடுவேன். தடித்த கேஸ்கட் சமாளித்துவிடும் என்று விடுவது, மறுபடி நாலு மாசத்துக்குப் பணம் கட்டுவது. ஃபேஸிங் செய்யும்போது எல்லா போர்ட்டையும் ஒரே செட்டிங்கில் எடுக்கச் சொல்லுங்கள்.

விரிசல் சந்தேகம் இருந்தால் வெளியே சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். கொஞ்ச நேரத்தில் விரிசல் சுண்ணாம்பில் கோடாகத் தெரியும். காஸ்ட் அயர்ன் விரிசலை வெல்டு வைத்து ஓட்டுவது நம்பிக்கைக்குரிய வேலை இல்லை, முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

எந்த கேஸ்கட் வாங்குவது? பேக்கிங் ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளலாமா?

தண்ணீர் ஃபிளாஞ்சுக்கு ஷீட்டை வைத்துச் சுத்தியால் ஓரம் தட்டி வெட்டுவது சரி. புகை போர்ட்டுக்கு அது ஆகாது, சாதாரண ஷீட் கருகிப் பொடியாகும். நடுவில் ஸ்டீல் தகடு வைத்த கிராஃபைட் கேஸ்கட், அல்லது புடைப்பு வைத்த ஸ்டீல் கேஸ்கட், இரண்டில் என்ஜின் கம்பெனி எது சொல்கிறதோ அது. ஒரு பக்கம் தகடு, ஒரு பக்கம் மெத்து என்று வந்தால் பெரும்பாலும் தகடுப் பக்கம் மேனிஃபோல்டைப் பார்க்க வேண்டும். மேனிஃபோல்டு விரிந்து சுருங்கும்போது தகடு மேல் வழுக்கும், மெத்து கிழியாது.

பழைய என்ஜினுக்குக் கேஸ்கட் கிடைக்காவிட்டால் செம்புத் தகட்டில் வெட்டலாம். வெட்டியதும் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குங்கள். எஃகு இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். இளகிய செம்பு மேடுபள்ளத்தில் நன்றாகப் படியும்.

சிலிக்கான் பேஸ்ட் தடவினால் பலமாக இருக்குமா?

இல்லை. சூடு தாங்கும் சிவப்பு சிலிக்கானே 300 டிகிரியைத் தாண்டினால் திணறும். கருகிய இடத்தில் வழி உண்டாகி, கேஸ்கட்டும் சேர்ந்து போகும். காய்ந்த முகம், காய்ந்த கேஸ்கட், அவ்வளவுதான்.

எப்படி டைட் செய்ய வேண்டும்?

எல்லா நட்டையும் முதலில் கையால் போடுங்கள். நடுவிலிருந்து ஆரம்பித்து இரு ஓரத்துக்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஒரே மூச்சில் முழு டைட் வேண்டாம், மூன்று சுற்று. 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 20–25 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. என்றால் 40–50 என்பது வழக்கமான அளவு.

ஏன் நடுவிலிருந்து என்றால், தண்ணீர் ஓடாத மேனிஃபோல்டு கணக்கைப் பாருங்கள். 80 செ.மீ. நீளக் காஸ்ட் அயர்ன் 400 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் மூன்றரை மி.மீ. நீளும். ஹெட்டோ தண்ணீரின் சூட்டில் அப்படியே நிற்கும். அந்த மூன்றரை மி.மீ. எங்காவது நகர்ந்தாக வேண்டும். மேனிஃபோல்டு ஓட்டைகள் ஸ்டட்டைவிடப் பெரிதாக இருப்பது அதற்காகத்தான். ஓட்டை தளர்வாக இருக்கிறதே என்று யாராவது புஷ் போட்டு அடைத்தால், அடுத்த முறை ஓரத்து ஸ்டட் முறியும்.

கிராஃபைட் வகை என்றால் ஒரு தடவை சூடாகி முழுதாக ஆறிய பிறகு மறுபடி டார்க் பார்க்க வேண்டும். ஸ்டீல் கேஸ்கட்டுக்குப் பொதுவாகத் தேவைப்படாது. சூடாக இருக்கும்போது ஒருபோதும் இழுக்காதீர்கள்.

எங்கள் மேனிஃபோல்டுக்குள் தண்ணீர் ஓடுகிறது. வேறு என்ன கவனிக்க வேண்டும்?

கழற்றும் முன் கடல் வால்வை மூடி, ஜாக்கெட் தண்ணீரை வடியுங்கள். கீல் கூலிங் (படகின் அடியில் ஓடும் குழாயில் என்ஜின் தண்ணீரை ஆற்றும் முறை) என்றால் ஹெடர் டேங்க் (என்ஜின் தண்ணீர்த் தொட்டி) காலியாகும்வரை விடுங்கள்.

தண்ணீர் வழி கேஸ்கட் லீக்கானால் வெளியே தெரிவது ஒரு பக்கம், உள்ளே போவது இன்னொரு பக்கம். மூட்டில் வெள்ளை உப்புப் படிவும் துருக் கோடும் வெளி லீக். ஹெடர் டேங்கில் தண்ணீர் குறைகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை, காலையில் ஸ்டார்ட்டர் 'டக்' என்று ஒரே தட்டில் நிற்கிறது என்றால் ராத்திரியெல்லாம் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. மறுபடி ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, என்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். அப்புறம் எண்ணெயையும் பாருங்கள், பால் நிறமாக இருந்தால் மாற்றுங்கள்.

புகையோடு கடல்நீரைக் கலந்து விடும் எல்போ இருந்தால் கேஸ்கட் மாற்றும் நாளில் அதையும் கழற்றி உள்ளே பாருங்கள். உப்பும் கந்தக அமிலமும் சேர்ந்து அதை உள்ளிருந்தே தின்னும். வெளிப்பெயின்ட் நன்றாக இருப்பது எதற்கும் சாட்சி அல்ல.

டர்போ இருந்தால்?

லீக் என்றால் டர்போவுக்குப் போக வேண்டிய அழுத்தம் வெளியே போகிறது. இழுவை குறைந்து கருப்புப் புகை வரும். கழற்றும்போது ஒரு வாஷர்கூட மேனிஃபோல்டுக்குள் விழக் கூடாது. டர்பைன் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்று வரைக்கும் போகிறது.

சைலன்சரைச் சுற்றிய பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை என்ன செய்வது?

உலர்ந்த நிலையில் பிய்க்காதீர்கள், காற்று அடித்து ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, தூசுக்கான நல்ல முகக்கவசம் போட்டு, தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். கடலில் போட வேண்டாம். பதிலுக்குக் கண்ணாடி இழை டேப், அல்லது செராமிக் வூல் வைத்து மேலே தகடு. புதிதாகச் சுற்றியதில் டீசல் தெறித்து ஊறினால் அது திரிதான்; ஊறிய பகுதியை உடனே மாற்றுங்கள்.

நடுக்கடலில் லீக் வந்துவிட்டது. கரை சேரும்வரை?

வேகத்தைக் குறைத்து, வலையை ஏற்றிவிட்டுத் திரும்புங்கள். என்ஜின் ரூம் மூடியைத் திறந்து வையுங்கள், காற்று வரும் பக்கம் பார்த்து. வீல் ஹவுஸிலும் கீழ் அறையிலும் யாரும் படுக்கக் கூடாது. புகை அடிக்கும் இடத்துக்கு எதிரே டீசல் ஹோஸ், வயர் இருந்தால் நகர்த்திக் கட்டுங்கள், இல்லை என்றால் நடுவில் ஒரு இரும்புத் தகடு வையுங்கள். நட்டு தளர்ந்து கழன்றிருந்தால் என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். தண்ணீர் ஜாக்கெட் லீக் என்றால் நிறுத்தியதும் கடல் வால்வை மூடுங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள்.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்டட் எல்லாம் ஒழுங்காகக் கழன்றால் அரை நாள். இரண்டு முறிந்து, மேனிஃபோல்டு லேத்துக்கும் போனால் இரண்டு மூன்று நாள். தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் லேத் பட்டறையில் வரிசை நிற்கும், அதனால் மே மாதத்திலேயே கழற்றிப் பார்த்துவிடுங்கள்.